ஓரம் தேயாத டயர்

என் சகலைக்குப் பல் செய்கிற வேலை. பல் டாக்டர் இல்லை. டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்; இவர் ஒரு பல் கூடத்தின் மாடி அறையில் உட்கார்ந்து அந்த அச்சுக்குத் தகுந்த பல்செட்டைச் செய்து கொடுப்பார். அந்த அறையில் எங்கே திரும்பினாலும் வாய்தான். மேசை மேல், அலமாரியில், ஜன்னல் விளிம்பில் என்று பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக இருக்கும். நான் முதல் தடவை போனபோது எல்லாம் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. கொடுக்க வந்த சாப்பாட்டுப் பையைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பிவிட்டேன்.

வேலையில் ஆள் கெட்டிக்காரர். அதை நான் மறைக்க மாட்டேன். புதுப் பல்லைப் புதுசாகவே வைத்தால் பொய்ப்பல் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஐம்பது வயதுக்காரர் வாயில் ஐம்பது வருஷம் மென்ற பல் இருக்க வேண்டும். அதற்காக இவர் ஒரு சின்ன மோட்டாரில் ஊசி மாதிரி கல்லை மாட்டி, கடைவாய்ப் பல்லின் மேட்டைக் கொஞ்சம் மழுக்குவார். முன்பல் நுனியில் ஒரு சின்னச் சிராய்ப்பு வைப்பார். ஆனால் வலது பக்கத்தில் எவ்வளவு தேய்த்தாரோ, இடது பக்கத்திலும் அவ்வளவு தேய்ப்பார். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் கடிக்கும்போது பல்செட் ஆடாமல் நிற்குமாம். தேயாத பொருளைத் தேய்ந்த மாதிரிக் காட்டுவதுதான் அவர் தொழிலின் சூட்சுமம். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். அவர் மனைவி என் மனைவிக்குத் தங்கை. ஒரே வீட்டில் கீழே நாங்கள், மாடியில் அவர்கள். வண்டி நிறுத்துகிற இடம் பொது. அதனால் அந்த மோட்டார் சைக்கிளின் கதை முழுக்க என் கண் முன்னால்தான் நடந்தது. எனக்கு அவரைப் பிடிக்குமா என்று கேட்டால், பிடித்த நாட்களும் உண்டு.

வண்டி வாங்கிய அன்று பிடித்தது. நூற்றறுபது சிசி, வேலைக்குப் போய் வருகிறவர்கள் வாங்குகிற சாதாரண வண்டி. காலையில் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக் கொண்டு போய்க் கண் ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுவார். அங்கே டோக்கன் நம்பர் கூப்பிடுகிற வேலை அவளுக்கு. போகும்போது ஒரு கையை அவர் தோளில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் எங்களுக்கு டாட்டா காட்டிவிட்டுப் போவாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். 'அப்கிரேடு' என்று ஒரு வார்த்தை வீட்டுக்குள் வந்தது. முதலில் கைப்பிடி ரப்பர். சரி, போகட்டும். அடுத்து சைலன்சர். புதுச் சைலன்சர் போட்ட அன்று தெருவே வண்டியைத் திரும்பிப் பார்த்தது, திட்டுவதற்காகத்தான். பிறகு ஹேண்டில்பாரைக் கீழே இறக்கினார், கால் வைக்கிற கட்டையைப் பின்னால் தள்ளி மேலே ஏற்றினார். அதற்கப்புறம் வண்டியில் உட்கார்ந்தால், எதையோ ரோட்டில் தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரியே இருந்தார். கழற்றிய சாமானை எறியவும் மாட்டார், விற்கவும் மாட்டார். எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றிப் படுக்கையறை பீரோவில் அடுக்கினார். பீரோவில் இருந்த அவள் துணிமணிகள் சூட்கேஸுக்குள் ஏறிக் கட்டிலுக்கு அடியில் போயின.

கடைசியாகப் பின் சீட்டில் கை வைத்தார். அதைக் கழற்றிவிட்டு, ரேஸ் வண்டிகளில் இருக்கிற மாதிரி கூர்மையான ஒரு மூடியைப் போட்டார். மாட்டி முடித்த நேரம் அவள் மேலேயிருந்து இறங்கி வந்தாள். நானும் அங்கேதான் என் வண்டிக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப நான் எங்கங்க உக்கார்றது?" என்று கேட்டாள்.

"இது டிராக் செட்டப்மா. பின்னாடி வெயிட் இருந்தா பேலன்ஸ் போயிடும்."

"நான் வெயிட்டா?"

"உன்னச் சொல்லல. பொதுவாச் சொன்னேன்."

மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் போனாள். அவர் போகிற வழியில்தான் அந்த பஸ் ஸ்டாப். தினமும் அவளைத் தாண்டித்தான் போவார். நிற்க முடியாது, நின்றாலும் ஏற்ற இடமில்லை. சத்தம் கேட்டதும் இவள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கிறவர்களிடம் "எங்க வீட்டுக்காரர்" என்று சொல்வாளாம். பெருமையாகத்தான் சொல்வாளாம். இதை என் மனைவி சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இத்தனையும் எதற்கு? மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே இருக்கிற ரேஸ் டிராக்கைச் சிலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்து ஓட்டுவார்கள். அந்தக் கூட்டத்தில் இவரும் சேர்ந்துகொண்டார். அதற்குத் தலைவர் மாதிரி ஒருத்தர். கேஸ் ஏஜென்சி வைத்திருக்கிறவர். தொழிலும் அது, உருவமும் அது, அதனால் எல்லாரும் அவரைச் சிலிண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் சிரிப்பார். அடுத்தவர்களுக்குப் பெயர் வைப்பதிலும் ஆள் சமர்த்தர்.

டிராக்குக்குப் போகிறபோது லைட், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். அந்த வண்டியை ரோட்டில் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். ஆகவே சகலை என் லோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகச் சொன்னார். நானும் போனேன். மூன்று நான்கு தடவை போயிருப்பேன். முதல் தடவையே சாக்பீஸ் விளையாட்டைப் பார்த்துவிட்டேன்.

டயரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிள் நேராகப் போகும்போது டயரின் நடுப்பகுதி மட்டும்தான் தரையில் படும். வளைவில் வண்டியைச் சாய்த்தால் ஓரமும் படும். எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவுக்கு ஓரம் தேயும். சாய்க்கப் பயப்படுகிறவர் டயரில் நடு தேய்ந்து மொட்டையாகியிருக்கும், இரண்டு ஓரமும் கடையில் வாங்கியபடியே பளபளக்கும். அந்தத் தேயாத பட்டைக்கு அவர்கள் 'சிக்கன் ஸ்ட்ரிப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோழை என்று அர்த்தம்.

காலையில் முதல் சுற்றுக்கு முன்னால் சிலிண்டர் சாக்பீஸோடு வருவார். ஒவ்வொரு வண்டியின் பின் டயரிலும் இரண்டு ஓரத்திலும் வெள்ளைக்கோடு போடுவார். ஓட்டிவிட்டு வந்ததும் எல்லாரும் கூடி நின்று பார்ப்பார்கள். நன்றாகச் சாய்த்தவர் டயரில் கோடு அழிந்திருக்கும். என் சகலை டயரில் போட்டது போட்டபடியே இருந்தது, பொடிகூட உதிரவில்லை. சிலிண்டர் முழங்காலைப் பிடித்துக் குனிந்து அதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, ஸ்கேல் வெச்சு ஓட்டினியா?" என்றார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அன்றிலிருந்து அவர் பெயர் ஸ்கேல்.

கோடு அழியாதவர் எல்லாருக்கும் டீ வாங்கி வந்து கையில் கொடுக்க வேண்டும். அது அங்கே சட்டம். ஒவ்வொருத்தரும் டம்ளரை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் ஸ்கேலு" என்பார்கள். கடைசி ஆள் வரைக்கும் இவர் நின்று அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும், சிரித்த முகமாக. ஒரு தடவை நான் குறுக்கே புகுந்து டம்ளர் தட்டை வாங்கப் போனேன். "விடுங்க சகல" என்று தள்ளிவிட்டார்.

திரும்பி வரும்போது என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் சொன்னார். "சகல, வீட்ல இந்தப் பேரச் சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்லப் போறேன்?"

"அவளுக்குத் தெரியவே கூடாது."

"சொல்லல, விடுங்க" என்றேன். இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

அவர் முயற்சி செய்யாமல் இல்லை. மார்க்கெட் மைதானம் காலியாக இருக்கிற நேரம் பார்த்துப் போய் வட்டம் வட்டமாகச் சுற்றினார். பார்த்தவர்கள் சாவி தொலைந்துவிட்டதா என்று கேட்டார்கள். அவருடைய சிக்கல் உடம்பில் இருந்தது. வண்டி வலது பக்கம் சாய்ந்தால் உடம்பு தானாக இடது பக்கம் விறைத்து நிமிரும். விழப் போகிறோம் என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது. அதனிடம் யார் போய் எடுத்துச் சொல்வது? இவரோ குறை வண்டியில்தான் இருக்கிறது என்று நம்பினார். பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கிற ரேஸ் டயர் வாங்கிப் போட்டார். பழைய டயர்கள் இரண்டும் பரணுக்குப் போயின. புது டயரிலும் நடு தேய்ந்தது, ஓரம் பளபளத்தது.

ஒரு நாள் மத்தியானம் அக்காவும் தங்கையும் துணி எடுக்கக் கடைக்குப் போயிருந்தார்கள். நான் லோடு சீக்கிரம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். கேட்டைத் திறக்கும்போதே பல் ஆஸ்பத்திரியில் கேட்கிற மாதிரி 'ங்ஙீ' என்று ஒரு சத்தம். உள்ளே போனால், பின் சக்கரம் ஸ்டாண்டில் தூக்கி நிற்கிறது. கீழே செய்தித்தாள் விரித்திருக்கிறது. சகலை மூக்கில் மாஸ்க், கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் பல் தேய்க்கிற அந்தச் சின்ன மோட்டார். டயர் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பேப்பர் முழுக்கக் கறுப்புத் தூள்.

"என்ன சகல, டயருக்குப் பல் வலியா?" என்றேன்.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர் மோட்டாரை நிறுத்தினார். "ஓரத்துல கொஞ்சம் பிசிறு இருந்துச்சு" என்றார்.

குனிந்து பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, என்ன வேலை! சூட்டில் ரப்பர் உருண்டு திரள்கிற மாதிரி சின்னச் சின்ன முடிச்சுகள், நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப் போக மெலிகிற தேய்மானம், அங்கங்கே ஒரு கீறல். இருபது வருஷமாக டயரோடு மாரடிக்கிற எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. பெருமையும் பயமுமாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு ஒரு நாள் உருப்படியா சாய்ச்சு ஓட்டிடலாமே, சகல."

"முடியலியே" என்றார். பேப்பரைச் சுருட்டிக் குப்பையில் போட உதவி செய்தேன்.

அடுத்த ஞாயிறு சிலிண்டர் சாக்பீஸோடு வந்தார். சகலை வண்டிப் பக்கம் குனிந்தவர் அப்படியே நின்றார். டயரின் வலது ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். எழுந்து அந்தப் பக்கம் போய் இடது ஓரத்தையும் தடவினார். மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடேங்கப்பா! ஸ்கேல் வளைஞ்சிருச்சுடா! இவருக்கு இனிமே சாக்பீஸ் வேண்டாம்" என்றார் சிலிண்டர். சாக்பீஸை ஒடித்துத் தூக்கி எறிந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். சகலை முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அப்படி இல்லை.

அங்கே வேகத்தை வைத்து மூன்று குழுவாகப் பிரித்து ஓட்டுவார்கள். சகலை எப்போதும் கடைசிக் குழு. "இந்த டயர வெச்சுக்கிட்டு குழந்தைங்களோட என்ன ஓட்டுறது? இன்னிக்கு எங்ககூட வாங்க" என்று சிலிண்டர் தோளில் கை போட்டு முதல் குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சகலை ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். வண்டியில் அத்தனையையும் அப்கிரேடு செய்தவர், ஹெல்மெட்டை மட்டும் பழசாகவே வைத்திருந்தார். அதில் ஒட்டிய ஸ்டிக்கர்தான் புதுசு.

நேர்ப்பாதையில் எப்படியோ சமாளித்தார். வளைவு வந்தால் எல்லாரும் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு முந்தினார்கள். அப்புறம் நீளமான வலது வளைவு. முன்னால் போனவர்கள் காற்றில் சாய்ந்த பயிர் மாதிரி மொத்தமாகச் சாய்ந்தார்கள். இவர் நிமிர்ந்தார். அவர் உடம்பு விறைத்ததை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி, வளைவைக் கண்டுகொள்ளாமல், ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி நேராக, நேராகவே போய், பழைய டயர்களை அடுக்கிக் கட்டிய சுவரில் மோதினார். என் பக்கத்தில் நின்ற ஒருத்தர், "கோடு போட்ட மாதிரி போறாம்பா" என்று சொல்லிச் சிரித்தார். நான் ஓடினேன்.

ஹெல்மெட்டின் தாடைப் பகுதி இரண்டாகப் பிளந்திருந்தது. மேல்வரிசை முன்பற்கள் போய்விட்டன. வலது மணிக்கட்டு பொடிப்பொடியாக நொறுங்கியிருந்தது.

ஆஸ்பத்திரிக்குச் சிலிண்டரும் வந்தார், பழக்கூடையோடு. ஆப்பரேஷன் நடந்துகொண்டிருந்தது. என் மச்சினிச்சி பெஞ்சில் உட்கார்ந்து, அவருடைய கிழிந்த கையுறையை மடியில் வைத்துக்கொண்டு அழுதபடி இருந்தாள். சிலிண்டர் என்னை லிஃப்ட் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார்.

"டயர அவரே தேய்ச்சிருந்தாரு சார். எங்களுக்குப் பாத்த உடனே தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"நம்ம டிராக்ல வலது வளைவுதான் ஜாஸ்தி. எல்லார் டயர்லயும் வலது ஓரம் அதிகமா தேயும், இடது ஓரம் கம்மியாத்தான் இருக்கும். இவரு ரெண்டு பக்கமும் அளந்த மாதிரி சமமா தேய்ச்சு வெச்சிருக்காரு! அப்படி ஒரு டயர நான் பாத்ததே இல்ல." சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தெரிஞ்சுமா முதல் குழுவுல விட்டீங்க?"

"ஒரு ரவுண்டுல பயந்துபோய் உண்மையச் சொல்லிடுவாருன்னு பாத்தோம். சும்மா ஒரு ஜாலிக்குத்தான் சார்."

அந்த ஆளின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன். பழக்கூடை கவிழ்ந்து லிஃப்ட் வாசல் முழுக்க உருண்டது. அவர் கோபப்படவில்லை. சட்டையை நிதானமாக விடுவித்துக்கொண்டார். "எங்கிட்ட ஏன் சார் பாயுறீங்க? நாங்களா தேய்க்கச் சொன்னோம்?" என்று கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சகலை வீட்டுக்கு வந்த பிறகு அதே கூட்டம் உதவி செய்கிறோம் என்று ஸ்பேனர்களோடு வந்து இறங்கியது. சைலன்சர் ஒருத்தருக்கு, ஹேண்டில்பார் ஒருத்தருக்கு, முன் டயர் ஒருத்தருக்கு என்று அரை விலை பேசிக் கழற்றிக்கொண்டார்கள். அவர் கட்டுப் போட்ட கையோடு மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின் டயரை மட்டும் சிலிண்டர் காசு கொடுக்காமல் கேட்டார். "ஒரு ஞாபகத்துக்கு" என்றார். சகலை தலையாட்டினார். அது இப்போது கேஸ் ஏஜென்சிச் சுவரில் தொங்குகிறது, மேலே சாக்பீஸில் ஸ்கேல் என்று எழுதி. கேஸ் பதிவு செய்ய வருகிறவர்களுக்கெல்லாம் அதன் கதையைச் சொல்கிறாராம்.

பீரோவிலிருந்தும் பரணிலிருந்தும் பழைய சாமான்கள் இறங்கின. எங்கள் தெரு மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் மாட்டினார். பின் சீட்டும் திரும்பி வந்தது. வண்டி வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆனது. ஆள்தான் அப்படி ஆகவில்லை. மணிக்கட்டில் இரும்புத் தகடு வைத்தும், விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பல்லில் மயிரிழை வேலை செய்த கை, இப்போது டம்ளரையே இரண்டு தடவை பிடித்துப் பார்த்துத்தான் தூக்குகிறது. பல் கூட முதலாளி விரட்டவில்லை, பிளாஸ்டர் கரைக்கிற வேலையும் அச்சுகளைக் கழுவுகிற வேலையும் கொடுத்தார். இவருக்குப் பல்செட்டும் முதலாளியே செய்து கொடுத்தார், இலவசமாக. பளீரென்று வெள்ளை, ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் வித்தியாசமே இல்லாமல் நேர் வரிசை. சிரித்தால் பத்தடி தூரத்திலிருந்தே பொய்ப்பல் என்று தெரியும். அதனால் அவர் சிரிப்பதில்லை.

வண்டியை யார் ஓட்டுவது? மச்சினிச்சி ஓட்டினாள். மார்க்கெட் மைதானத்தில் நான்தான் கற்றுக் கொடுத்தேன். கற்றுக் கொடுத்தேன் என்று சொல்வதே தப்பு, கிளட்சையும் கியரையும் காட்டியதோடு சரி. மீதியை வண்டியும் அவளும் பேசி முடித்துக்கொண்டார்கள். காலையில் புருஷனைப் பின்னால் உட்கார வைத்துக் கொண்டு போய்ப் பல் கூடத்தில் இறக்கிவிட்டு, அப்படியே கண் ஆஸ்பத்திரிக்குப் போவாள். அங்கே ஊழியர்கள் வண்டியை உச்சி மாடியில் நிறுத்த வேண்டும். மேலே ஏறுவதற்குச் சங்குச் சுருள் மாதிரி இடது பக்கமாகவே சுற்றிச் சுற்றிப் போகிற சிமென்ட் பாதை.

"அக்கா, அதுல ஏறும்போது வண்டி தானா சாயுதுக்கா" என்று ஒரு நாள் எங்கள் வீட்டுச் சமையலறையில் சொல்லிக்கொண்டிருந்தாள். "நானும் கூடவே சாஞ்சிடுவேன். வயித்துல என்னவோ பண்ணும். சிரிப்பு சிரிப்பா வரும். உச்சிக்குப் போனதும் இன்னொரு தடவ இறங்கி ஏறலாமான்னு இருக்கும்."

"கீழ விழுந்து தொலைக்காதே" என்றாள் என் மனைவி. ஆனால் அவளும் சிரித்தாள். வீட்டுக்குள் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

சில மாதம் கழித்து மெக்கானிக் ஆயில் மாற்ற வந்தார். வேலை முடிந்ததும் பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தவர், "யாரு இந்த வண்டிய ஓட்டுறது? டயர்ல ஓரம் வரைக்கும் தேய்ஞ்சிருக்கே!" என்றார். அங்கே நின்ற மச்சினிச்சி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள். "அடி சக்க! ரேஸ்காரங்க டயர் மாதிரி இருக்கும்மா" என்று பாராட்டிவிட்டு அவர் போனார். ரேஸ் என்ற வார்த்தை அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் கொடுத்திருக்கும்! "என்னங்க, இங்க வந்து பாருங்களேன்" என்று மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாள். புருஷன் அத்தனை ஆசைப்பட்ட ஒன்று தன் கையில் தானாக வந்துவிட்டது, பார்த்தால் அவரும் மகிழ்வார் என்று நினைத்திருப்பாள், பாவி மகள்.

சகலை இறங்கி வந்தார். உட்கார்ந்தார். இடது கைக் கட்டைவிரலால் டயரின் இடது ஓரத்தைத் தடவினார். சின்னச் சின்னதாக உருண்ட ரப்பர். பிறகு வலது ஓரம். அங்கே கொஞ்சம் குறைவு. அந்தப் பாதையில் வலது பக்கமாகச் சுற்றி இறங்கும்போது அவள் பிரேக் பிடித்து மெதுவாக வருவாள். இரண்டு பக்கமும் சமமாக இல்லை. நிஜமான தேய்மானம். அதை அந்த வீட்டில் வேறு யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தார். எழுந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"உயிரோட இருக்கணும்னு ஆசை இல்லையா உனக்கு?" என்றார்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. "என்னங்க?"

"ஓரம் போயிடுச்சு. தாறுமாறா ஓட்டியிருக்கே. இதுக்கு மேல ஒரு தடவ சாய்ச்சா வழுக்கிக்கிட்டுப் போயிடும். என்னைப் பாத்துமா உனக்குப் புத்தி வரல?"

சொல்லிவிட்டு அந்த உடைந்த கையை அவள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினான். ஆமாம், காட்டினான். இவ்வளவு நேரம் அவர், இவர் என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். இனிமேல் எனக்கு வாய் வரவில்லை.

அவள் அந்தக் கையையே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "எனக்குத் தெரியாதுங்க. இனிமே சாய்க்கல. மெதுவா ஓட்டுறேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

நான் அவனை அங்கேயே பிடித்துக்கொண்டேன். எந்தப் புண்ணைக் கிளறினால் வலிக்குமோ அதைப் பார்த்துக் கிளற வேண்டும் போலிருந்தது.

"சகல, நீங்க டயர்ல பண்ண வேலை அவங்களுக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் உங்கள ஓட விட்டு வேடிக்கை பாத்தாங்க."

அடி விழும் என்று நினைத்தேன். அவன் அசையவில்லை. "தெரியும்" என்றான். "ரெண்டு பக்கமும் தடவுனான் பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் என்ன மண்ணாங்கட்டிக்கு வண்டியில ஏறுனீங்க?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? அத்தன பேர் முன்னாடி, நான்தான் தேய்ச்சேன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"சரி, அது உங்க பாடு. அவ என்ன பாவம் பண்ணா?"

மாடிப்படி ஏறிப் போய்விட்டான்.

நான் விடவில்லை. சாயங்காலம் மச்சினிச்சியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். டயரில் ஒரு குறையும் இல்லை, நீ நன்றாக ஓட்டுகிறாய், ஓரம் தேய்வது நல்ல ஓட்டுக்கு அடையாளம், மெக்கானிக்கையே கேட்டுப் பார் என்றேன். அவள் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "உங்களுக்கு அவரக் கண்டாலே ஆகாது மாமா. அவர் ரேஸ் ஓட்டினவர். அதுவும் முதல் குழுவுல. அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியப் போகுது?"

எழுந்து வந்துவிட்டேன். இனி சொல்லி என்ன பயன்?

இப்போது அவள் அந்தச் சுருள் பாதையில் இரண்டு காலையும் தரைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டபடி உருட்டிக்கொண்டுதான் ஏறுகிறாளாம். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்களாம். தெரு முனையில் திரும்புவதை நானே பார்க்கிறேன். முதுகு விறைத்துப்போய், வண்டியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, நடக்கிற வேகத்தில் திரும்புகிறாள். பின் சீட்டில் அவன் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறான். அந்த வெள்ளைப் பற்கள் தெரியச் சிரிக்கக்கூடச் செய்கிறான்.

வீட்டில் அவளுக்கு ஒரு செல்லப் பெயரும் வைத்திருக்கிறான். காலையில் வேலைக்குக் கிளம்புகிற நேரம், கீழே வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு மாடியைப் பார்த்துக் கூப்பிடுவான். "ஸ்கேலு! நேரமாச்சு, வா."

புருஷன் இத்தனை வருஷம் கழித்து ஆசையாகப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறானே என்று அவளுக்கு அத்தனை பூரிப்பு. "இதோ வந்துட்டேங்க" என்று சிரித்துக்கொண்டே இறங்கி வருகிறாள்.